மழை அறிவிப்புக்கு மார்க் போட்ட கதை

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவை எங்கள் புதுச்சேரியில் யாரும் சுலபத்தில் மறக்க முடியாது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகும் நகராமல் ஊர் மேலேயே நின்று கொட்டியது. மறுநாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் 48 செ.மீ. மழை. எனக்கு நினைவு தெரிந்து அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை.

தண்ணீர் வடிந்து ஒரு வாரம் கழித்து, கடற்கரைச் சாலையில் எங்கள் காலை நடைக் கூட்டம் மறுபடி சேர்ந்தது. எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். பேச்சு வேறு எதைப் பற்றி இருக்கும்?

"வருது வருதுன்னு நாலு நாளா சொன்னாங்க, வரலை. நாம அசந்த நேரமாப் பார்த்து வந்துது. இவங்க சொல்றது என்னிக்கு சார் சரியா இருந்திருக்கு?" என்றார் ஒருவர்.

கருவூலத்தில் வேலை பார்த்த இன்னொரு நண்பர் விடவில்லை. "அப்படிச் சொல்லாதீங்க. வருஷம் முழுக்கக் கணக்குப் போட்டுப் பாருங்க. நூத்துக்குத் தொண்ணூறு சரியாத்தான் இருக்கும்" என்றார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே தப்பான அளவுகோலை வைத்துக்கொண்டு அளக்கிறார்கள். இதே சண்டை 140 வருஷத்துக்கு முன்பு அமெரிக்காவில் அச்சில் நடந்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மார்க் போடும் யோசனை எப்படி வந்தது

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு லெ வெரியே என்றால் நெப்டியூன். தொலைநோக்கியைத் தொடாமல், கணக்குப் போட்டே அந்தக் கிரகம் எங்கே இருக்கும் என்று சொன்னவர். ஆனால் வானிலை வரலாற்றிலும் அவருக்கு இடம் உண்டு என்பதை எங்கள் பாடப்புத்தகம் சொல்லவில்லை. 1854 நவம்பர் 14 அன்று, கிரிமியப் போரின்போது, கருங்கடலில் அடித்த புயலில் பிரெஞ்சு, ஆங்கிலேயக் கப்பல்கள் பல நாசமாயின. லெ வெரியே ஐரோப்பா முழுவதிலிருந்தும் அந்த நாட்களின் வானிலைக் குறிப்புகளைக் கேட்டு வாங்கி அடுக்கிப் பார்த்தார். புயல் மேற்கிலிருந்து கிழக்காகக் கண்டத்தைக் கடந்து வந்திருந்தது. தந்தி மட்டும் ஒழுங்காக அனுப்பியிருந்தால் கப்பல்களை எச்சரித்திருக்கலாம்.

அங்கிருந்து எச்சரிக்கை என்ற வேலை பிறந்தது. கூடவே அதைக் குறை சொல்லும் வேலையும் பிறந்தது. இங்கிலாந்தில், டார்வினை பீகிள் கப்பலில் ஏற்றிச் சென்ற கேப்டன் ஃபிட்ஸ்ராய் 1861-இல் புயல் எச்சரிக்கையும் அன்றாட முன்னறிவிப்பும் தொடங்கினார். பத்திரிகைகள் கேலி செய்தன, விஞ்ஞானிகள் முகம் சுளித்தார்கள். 1865-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த வருஷம் கால்ட்டன் தலைமையில் ஒரு குழு அவருடைய கணக்குகளை ஆராய்ந்து, இதற்கெல்லாம் அறிவியல் ஆதாரம் போதாது என்றது. எச்சரிக்கைகள் நிறுத்தப்பட்டன. ஆனால் கடலோர மக்கள் சும்மா இருக்கவில்லை. தப்பும் தவறுமாக இருந்தாலும் எங்களுக்கு அது வேண்டும் என்று கேட்டார்கள். 1867-இல் புயல் எச்சரிக்கை திரும்பி வந்தது. குழு ஒரு மார்க் போட்டது, கடலுக்குப் போகிறவன் வேறு மார்க் போட்டான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்லியின் 96.6

இப்போது அமெரிக்கா. அந்தக் காலத்தில் அங்கே வானிலை வேலை இராணுவத்தின் சிக்னல் படையிடம் இருந்தது. அதில் ஜான் பார்க் பின்லி என்று ஓர் இளைஞர். டொர்னாடோ என்னும் சூறைச்சுழலில் அவருக்குப் பைத்தியம். 600 டொர்னாடோக்களின் விவரங்களைத் திரட்டி ஓர் அறிக்கையே எழுதியிருந்தார்.

1884 மார்ச் முதல் மே வரை அவர் ஒரு சோதனை செய்தார். நாட்டின் கிழக்குப் பாதியைப் பல பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு வேளைக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் 'டொர்னாடோ வரும்' அல்லது 'வராது' என்று எழுதி வைத்தார். பிறகு நடந்ததோடு ஒப்பிட்டார். மொத்தம் 2,803 கணிப்புகள். அவற்றில் 2,708 சரி. நூற்றுக்கு 96.6. அந்த வருஷமே ஒரு வானிலைப் பத்திரிகையில் வெளியிட்டார்.

யாராக இருந்தாலும் கை தட்டத்தான் தோன்றும். ஆனால் அந்த 2,803-ஐப் பிரித்துப் பாருங்கள்.

வரும் என்று சொல்லி, வந்தது: 28.
வரும் என்று சொல்லி, வராதது: 72.
வராது என்று சொல்லி, வந்தது: 23.
வராது என்று சொல்லி, வராதது: 2,680.

சில மாதங்களுக்குள் கில்பர்ட் என்ற புவியியலாளர் அதே பத்திரிகையில் பதில் எழுதினார். அவர் எடுத்துக்காட்டிய கணக்கு மிக எளிது. பின்லி ஒரு நாள்கூட வானத்தைப் பார்க்காமல், படுத்துக்கொண்டே, 2,803 தடவையும் 'வராது' என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உண்மையில் டொர்னாடோ வந்தது 51 தடவை. மீதி 2,752-உம் சரியாகியிருக்கும். நூற்றுக்கு 98.2! உழைத்தவருக்கு 96.6, தூங்கியவருக்கு 98.2.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் குமாஸ்தாவாக இருந்த ஓர் அலுவலகத்தில் மாதா மாதம் தபால் பைசல் அறிக்கை தயாரிப்பது என் வேலை. தகவலுக்காக வரும் நகல்கள், வெறுமனே கோப்பில் சேர்க்க வேண்டிய சுற்றறிக்கைகள் எல்லாவற்றையும் 'பைசல்' கணக்கில் சேர்த்துவிடுவோம். அறிக்கையில் 97, 98 என்று அழகாக வரும். மேலே இருப்பவர்களுக்கும் திருப்தி. அந்த மிச்சம் 2, 3-இல் கணவரை இழந்த ஓர் அம்மாவின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு இருந்தது. பதினாலு மாதம் கிடந்தது. ஒவ்வொரு மாதமும் அறிக்கையில் கையெழுத்துக்கு வைத்தவன் நான்தான். அந்தம்மாவைப் பொறுத்தவரை எங்கள் அலுவலகத்தின் மார்க் 98 இல்லை, பூஜ்யம்.

கில்பர்ட்டும் எங்கள் முசியேயும்

கில்பர்ட் குறை சொன்னதோடு நிற்கவில்லை, வேறு கணக்கும் சொன்னார். 'வராது என்று சொன்னேன், வரவில்லை' என்கிற 2,680-ஐத் தூக்கி எறியுங்கள், அதில் ஒரு சாமர்த்தியமும் இல்லை. மீதியை மட்டும் எடுங்கள். பலித்தது 28, வீண் எச்சரிக்கை 72, கோட்டைவிட்டது 23. ஆக 123. இதில் 28 பலித்தது என்றால் நூற்றுக்கு சுமார் 23.

96 எங்கே, 23 எங்கே! ஆனால் எங்களைப் போல் பிரெஞ்சில் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. வகுப்பில் 'திக்தே' என்று ஒன்று உண்டு. முசியே ஒரு பத்தியை வாசிப்பார், நாங்கள் காது கொடுத்துக் கேட்டு எழுத வேண்டும். மார்க் 20. ஒவ்வொரு இலக்கணப் பிழைக்கும் 4 மார்க் போய்விடும். 5 பிழை என்றால் பூஜ்யம். 150 சொல் உள்ள பத்தியில் 145 சொல்லைச் சரியாக எழுதியிருப்போம். பின்லி முறையில் பார்த்தால் அது 96-க்கு மேல்! அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். 'லெ', 'லா' என்று நூறு தடவை சரியாக எழுதுவதற்கு எதற்கு மார்க், சிரமமான இடத்தில் என்ன செய்தாய் என்பதுதான் கேள்வி என்று முசியே நினைத்திருப்பார். கில்பர்ட் நினைத்ததும் அதுதான்.

அதே வருஷம் நவம்பரில் சி.எஸ்.பியர்ஸ் என்ற தத்துவ அறிஞர் 'சயின்ஸ்' பத்திரிகைக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். அவருடைய முறை இன்னொன்று. வந்த 51-இல் எத்தனையை முன்கூட்டிச் சொன்னாய்? 28, அதாவது நூற்றுக்கு 55. வராத 2,752-இல் எத்தனை தடவை வீணாகக் கத்தினாய்? 72, நூற்றுக்கு 2.6. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழி. சுமார் 52. எப்போதும் 'வராது' என்பவனுக்கு இதில் பூஜ்யம்தான் வரும். எப்போதும் 'வரும்' என்பவனுக்கும் பூஜ்யம்தான். ஏமாற்ற வழியில்லை.

பியர்ஸ் இன்னொன்றும் செய்தார். பலித்த எச்சரிக்கையால் கிடைக்கும் லாபம் எவ்வளவு, வீண் எச்சரிக்கையால் ஆகும் செலவு எவ்வளவு என்று இரண்டையும் வைத்து, ஒரு எச்சரிக்கைக்குச் சராசரியாக என்ன பலன் என்று கணக்கிட வழி சொன்னார். இங்கிலாந்துக் கடலோரக்காரர்கள் கணக்குத் தெரியாமலே கேட்டது இதைத்தான்.

ஆக ஒரே மனிதர், ஒரே மூன்று மாத வேலை. 96.6 என்றும் சொல்லலாம், 23 என்றும் சொல்லலாம், 52 என்றும் சொல்லலாம். மூன்றும் கணக்கில் சரி. எதை அளக்க நினைக்கிறோம் என்பதை முதலில் சொல்லாவிட்டால் மார்க்குக்கு அர்த்தமே இல்லை.

பின்லியைக் கேலிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். 51-இல் 28-ஐ முன்கூட்டிச் சொன்னது, செயற்கைக்கோளும் ரேடாரும் இல்லாத காலத்தில், சின்ன விஷயமில்லை. ஆனால் சில ஆண்டுகளிலேயே 'டொர்னாடோ' என்ற சொல்லைப் பொது அறிவிப்புகளில் பயன்படுத்த வேண்டாம் என்று மேலிடம் தடுத்துவிட்டது. மக்கள் பீதியடைவார்கள், அந்தப் பீதியே பெரிய தீங்கு என்று காரணம். அந்தத் தடை 1938 வரை நீடித்தது. இடையில் 1925 மார்ச் 18 அன்று மிசௌரி, இல்லினாய், இண்டியானா மூன்று மாநிலங்களை ஒரே டொர்னாடோ உழுதுகொண்டு போனது. 695 பேர் இறந்தார்கள். அன்றைய அறிவிப்பில் அந்தச் சொல் இல்லை. வீண் எச்சரிக்கை ஒன்றுகூட இல்லாத ஏற்பாடுதான் அது!

மழைக்கு வருவோம்

கில்பர்ட் கணக்கு பிறகு மறந்துபோனது. 1949-இல் அமெரிக்க வானிலைத் துறையில் பாமர், ஆலன் என்ற இருவர் மழை அறிவிப்புகளைச் சோதிக்க அதே கணக்கை வேறு பெயரில் பயன்படுத்தினார்கள். 1975-இல் இன்னும் சிலர் மூன்றாவது பெயர் வைத்தார்கள். இன்றும் பெருமழை அறிவிப்புகளை உலகெங்கும் அளக்கும்போது அந்த நான்கு கட்டம்தான் அடிப்படை: பலித்தது, வீணானது, கோட்டைவிட்டது, பேசாமல் இருந்தது.

நம் வானிலைத் துறை கணக்கில் ஒரு நாளில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6 மி.மீ.யிலிருந்து மிக கனமழை, 204.5 மி.மீ.யிலிருந்து அதி கனமழை. மூன்றாவதுதான் சங்கடம். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஏதோ ஒரு ஊரில் பத்து வருஷத்தில் இரண்டே நாள் அதி கனமழை பெய்கிறது என்று வையுங்கள். 3,650 நாளில் 2 நாள். எப்போதும் 'இல்லை' என்பவனுக்கு நூற்றுக்கு 99.9-க்கும் மேல். சரி, பியர்ஸ் முறையில் பார்க்கலாம் என்றால், இருப்பதே இரண்டு சம்பவம். ஒன்றைச் சொல்லி ஒன்றை விட்டால் 50. இரண்டையும் சொன்னால் 100. இரண்டு கேள்வி மட்டும் உள்ள பரீட்சையை வைத்து ஒரு பையனைக் கெட்டிக்காரன் என்றோ மக்கு என்றோ எப்படிச் சொல்வது? அதனால்தான் ஓர் ஊரை மட்டும் வைத்து அளக்காமல், பல ஊர்களையும் பல வருஷங்களையும் சேர்த்து அளக்கிறார்கள்.

இன்னொரு சங்கடம். நிகழ்ச்சி எவ்வளவு அபூர்வமோ, அவ்வளவுக்கு இந்தப் பழைய மதிப்பெண்கள் எல்லாமே பூஜ்யத்தை நோக்கிச் சரிகின்றன. நல்ல அறிவிப்பும் மோசமான அறிவிப்பும் ஒரே மாதிரி தெரிய ஆரம்பிக்கும். 2008-இல் ஸ்டீஃபன்சன் முதலானோர் அப்படிச் சரியாத ஒரு புதிய அளவைச் சொன்னார்கள். அதிகமாக எச்சரித்தாலே அந்த மார்க்கை உயர்த்திக்கொள்ளலாம் என்பது பிறகு தெரிந்தது. 2011-இல் ஃபெர்ரோவும் ஸ்டீஃபன்சனும் அதைச் சீர் செய்தார்கள். பைசல் அறிக்கை தயாரித்தவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. எந்த அளவுகோலைக் கொடுத்தாலும் அதை வளைக்க ஒரு வழி இருக்கும். அதையும் யாராவது கண்டுபிடித்து அடைக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது சங்கடம் இடம். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 94 செ.மீ. பெய்தது. அதே நகரின் தெற்கு முனையில் கொலாபாவில் 7 செ.மீ. மட்டுமே. ஒருவர் 'கொலாபாவில் 94 செ.மீ. பெய்யும்' என்று சொல்லியிருந்தால் நான்கு கட்டக் கணக்கில் அவருக்கு இரண்டு அடி. கொலாபாவில் வீண் எச்சரிக்கை, சாந்தாகுரூஸில் கோட்டைவிட்டது. 'மழையே இல்லை' என்று சொன்னவனுக்கு ஒரே அடி! ஆனால் மும்பைக்குப் பயன்பட்டிருக்கக்கூடியவர் முதலாமவர்தான். இதற்காகத்தான் 2008-இல் இங்கிலாந்து வானிலைத் துறையைச் சேர்ந்த ராபர்ட்ஸ், லீன் இருவரும், புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடாமல் சுற்று வட்டாரத்தில் எத்தனை பங்கு இடத்தில் கனமழை சொன்னாய், எத்தனை பங்கில் பெய்தது என்று ஒப்பிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் எந்த அளவில் அறிவிப்பு நம்பத்தக்கதாகிறது என்பது தெரிந்துவிடும். தெருவுக்குச் சொல்ல முடியாததை மாவட்டத்துக்குச் சொல்ல முடியும்.

மறுபடியும் கடற்கரைச் சாலை

இப்போது என் இரண்டு நண்பர்களுக்கும் பதில் சொல்லலாம்.

'நூற்றுக்குத் தொண்ணூறு' என்ற கருவூல நண்பரே, அதில் பெரும்பங்கு வெயில் காயும் சித்திரை வைகாசி நாட்கள். அது பின்லியின் 2,680. அதை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.

'என்னிக்கு சரியா இருந்திருக்கு' என்ற நண்பரே, நீங்கள் பார்த்தது புயல் வந்த ஒரு நாளையும் வராத நாலு நாளையும் மட்டும். பேரழிவு நடந்த நாளை மட்டும் எடுத்து மார்க் போட்டால், வருஷம் முழுவதும் 'வெள்ளம், வெள்ளம்' என்று கூவுகிறவர்தான் முதல் மார்க் வாங்குவார். யூடியூபில் அப்படிப்பட்டவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

நவம்பர் 30-க்கு எங்கள் ஊருக்குச் சிவப்பு எச்சரிக்கை இருந்தது. கணக்கில் அது 'பலித்தது' கட்டத்தில்தான் விழும். ஆனால் 21 செ.மீ. பெய்திருந்தாலும் அதே கட்டம்தான், 48 பெய்தாலும் அதே கட்டம்தான். என் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததும் வராததும் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

உண்மையைச் சொன்னால், எச்சரிக்கையை நானும் பார்த்தேன். அதற்கு முந்தைய நாட்களில் கடலில் புயல் சின்னம் நகராமல் நின்று, தேதி தள்ளித் தள்ளிப் போனதில் எனக்கும் அலுத்துவிட்டது. கீழ் அலமாரியில் இருந்த பழைய காகிதங்களை மேலே எடுத்து வை என்று வீட்டில் இரண்டு தடவை சொன்னார்கள். பார்க்கலாம் என்றேன். இரவு பத்து மணிக்கு மேல் தண்ணீர் உள்ளே வந்தது. என் பள்ளிக்கூடச் சான்றிதழ்களும் முசியே சிவப்பு மை போட்டுத் திருத்திய ஒரு பழைய திக்தே நோட்டும் கூழாகிவிட்டன. இந்தக் கோட்டைவிட்டதை யார் கணக்கில் எழுதுவது? வானிலைத் துறை கணக்கில் எழுத முடியாது.

1999 டிசம்பரில் பிரான்சில் இரண்டு பெரும் புயல்கள் அடித்த பிறகு, அங்கே 2001 முதல் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மாவட்ட வாரியாக நிறம் கொடுக்கும் முறை வந்தது. நிறத்தோடு என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். இங்கேயும் அந்த நான்கு நிறங்கள்தான். சிவப்பு என்றால் 'நிச்சயம் நடக்கும்' என்று அர்த்தமில்லை, 'நடவடிக்கை எடு' என்று அர்த்தம். நாமோ அதை ஜோசியமாக எடுத்துக்கொண்டு, பலித்ததா இல்லையா என்று வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு காகிதக் கட்டை மேல் தட்டுக்கு ஏற்ற ஐந்து நிமிஷம் ஆகும். பத்து சிவப்பு எச்சரிக்கையில் ஒன்பது வீணானாலும் எனக்குச் செலவு 45 நிமிஷம். வலை விரிக்காமல் ஒரு நாள் கூலியை இழக்கும் மீனவருக்கு இந்தக் கணக்கு வேறு, கடையை மூடும் வியாபாரிக்கு வேறு. பியர்ஸ் சொன்ன லாபத்தையும் செலவையும் அவரவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இந்த வடகிழக்குப் பருவத்துக்கு முன் கீழ் அலமாரியைக் காலி செய்துவிட்டேன். பழைய பாத்திரங்கள் மட்டும் இருக்கின்றன.